ஏலக்காய் ஸ்டோர் சுவரில் ஓடிய படம்

1976 ஆவணியில், போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே வெள்ளைத்துரை ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில், சுண்ணாம்பு அடித்த தெற்குச் சுவரில் ஒரு சினிமாப் படம் தானாக ஓட ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளைப் படம். சத்தம் கிடையாது. மிஷினும் கிடையாது, அதை ஓட்ட ஆளும் கிடையாது. அந்த வாரம் ஏலத்தில் காய் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, மேட்டு ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது, சிலமலைக்காரர்கள் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே படம் ஓடுகிற சேதி மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வர நாலைந்து நாள் பிடித்தது. வந்ததும் ஊர் கேட்ட முதல் கேள்வி, யார் நடித்தது என்பது. நடித்தது மொக்கையன், வெள்ளைத்துரையின் அப்பா. அவர் செத்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

வெள்ளைத்துரை அப்போது போடியில் பெரிய புள்ளி. ஏல விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். 'அடையாக் கதவு வள்ளல்' என்று பட்டம் வாங்கியவர். பட்டத்துக்குக் காரணம் எல்லோரும் கண்ணால் பார்த்ததுதான்: அவர் வீட்டில் எந்தக் கதவும் எந்த வேளையிலும் சாத்தப்படுவதில்லை. வாசல் கதவு, கொல்லைக் கதவு, பீரோக் கதவு எல்லாம் திறந்தே கிடக்கும். குளிக்கிற இடத்துக்கு ஒரு சாக்குப் படுதா. ஜீப்பு வாங்கிய அன்றே அதன் கதவுகளைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். ஆடுகளும் நாய்களும் நன்கொடை கேட்பவர்களும் ஒரே வழியாக வந்து ஒரே வழியாகப் போனார்கள். ஒரு விழாவில் தமிழ்ப் புலவர் ஒருவர், இந்தத் திறந்த கதவைக் கண்டு மழையே வெட்கப்பட்டதாக ஒரு பாட்டுப் பாடி, ஒவ்வொரு அடிக்கும் 'வாழ்க' போட்டு, பொன்னாடை வாங்கிப் போனார். வெள்ளைத்துரை கண்களை மூடிக்கொண்டு கேட்டார். அவர் மூடியது அவற்றை மட்டுந்தான்.

"பட்டம் உங்களுக்கு, வர்றவுகளுக்கெல்லாம் காப்பி ஆத்துற சோலி எனக்கு" என்றாள் அவர் மனைவி கருத்தம்மாள். அவளுக்கு மட்டும் உண்மை தெரியும். கல்யாணமான அன்று சொந்தக்காரப் பெண்கள் கேலியாக அறைக்கதவைச் சாத்திவிட்டுப் போக, மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் குதித்து ராசிங்காபுரம் ரோட்டில் பாதி தூரம் ஓடிவிட்டார். தேடிப் போனவர்களிடம், காற்று வாங்க வந்ததாகச் சொன்னார். அவருக்கு வள்ளல்தன்மை ஒன்றும் கிடையாது. சாத்திய கதவைப் பார்த்தால் பயம். கருத்தம்மாள் அதை யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் வள்ளல் என்று பேர் எடுப்பதில் அவளுக்கும் நஷ்டமில்லை, காப்பித்தூள் செலவைத் தவிர.

அந்தப் பயம் அவருக்கு எட்டு வயதில் வந்தது. பறித்த ஏலக்காயை ஸ்டோருக்குள் தட்டுகளில் பரப்பி, வெளிப்பக்கம் இருக்கிற அடுப்பை மூட்டினால், தகரக் குழாய் வழியாக வெக்கை உள்ளே ஓடும். கதவைப் பூட்டி, இடுக்குகளிலெல்லாம் சாணி கலந்த செம்மண்ணைப் பூசி அடைத்துவிடுவார்கள். பூசிய கதவைக் காய் காயுமுன் திறந்தால் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். வெளுத்த காயை வியாபாரி திரும்பிப் பார்க்கமாட்டான். அதனால் பூசிய கதவை எதற்காகவும் தொடுவதில்லை என்பது அந்த மலையில் சாமி காரியம் மாதிரி. ஒரு மழைநாளில் சிறுவன் வெள்ளைத்துரை குளிருக்கு இதமாக ஸ்டோருக்குள் போய்த் தட்டுகளுக்குப் பின்னால் தூங்கிவிட்டான். விழித்தபோது கதவு பூசப்பட்டிருந்தது. தட்டினான். கத்தினான். யாரும் திறக்கவில்லை. மறுநாள் காய் காய்ந்த பிறகு, முறைப்படி திறந்தார்கள். வெளியே வந்தவனின் சட்டையில் மட்டுமில்லை, மூச்சிலும் ஏலக்காய் மணத்தது. அந்த மணம் பிறகு போகவே இல்லை. கருத்தம்மாள் பாயாசத்துக்கு ஏலக்காய் தட்டிப் போட்டதே கிடையாது. இறக்குகிற சமயத்தில் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று கொஞ்சம் பேசச் சொல்வாள்.

ஆனால் அவரைத் தின்றது வெக்கை இல்லை. அன்று சாயங்காலம் அப்பா மொக்கையன் எங்கிருந்தோ வந்தார், முற்றத்தில் நின்ற மகனைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் மகனிடம் பேசியது கொஞ்சம். பேசினாலும் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஒரு குரல். அந்தத் தடவைக் காய்க்கு ஏலத்தில் எல்லோரையும்விட நல்ல விலை கிடைத்தது, என்ன பச்சை என்ன பச்சை என்று ஊரே மெச்சியது. எட்டு வயதுப் பையன் கணக்குப் போட்டான். அப்பு நான் தட்டியதைக் கேட்டிருக்கிறார், காய் வெளுத்துவிடும் என்று திறக்கவில்லை, அதனால்தான் என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார். போட்ட கணக்கை அவன் யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை. ஒரு கேள்வியில் முடிந்திருக்கும். ஆனால் போடிப் பக்கம் அப்பனும் மகனும் உட்கார்ந்து பேசுவது வரப்புத் தகராறு வந்தால்தான். அவர்களுக்கு வரப்புத் தகராறு வரவில்லை.

1976-இல் நடந்தது இது: சங்கத்துக்கு வெள்ளிவிழா மலர் போட்டார்கள். முதல் பக்கத்தில் தலைவர் 'தம் ஏலக்காய்களின் நடுவே' நிற்கிற போட்டோ வேண்டும் என்று மலர்க்குழு முடிவு செய்தது. வெள்ளைத்துரை அந்த நாள்வரை பெரியவனான பிறகு ஸ்டோருக்குள் கால் வைத்ததில்லை. முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். போனார். போட்டோக்காரர் கன்னையன் அவரைத் தட்டுகளுக்கு நடுவே நிறுத்தி, மீசையைச் சரிசெய்யச் சொல்லி, பல்ப் எடுத்துவர ஜீப்புக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டது. ஜீப்பில் உட்கார்ந்த கன்னையன், மழை விட்டதும் வந்து பார்த்தபோது கதவு பூசியிருந்தது. முதலாளி வேறு வண்டியில் மலை இறங்கிவிட்டார் என்று நினைத்து அவரும் இறங்கிவிட்டார். பூசியவர் ஸ்டோர்க்காரர் ஒச்சப்பன். காய் பரப்பிக் கிடக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, மழைச்சாரல் அடிக்கிறது. உள்ளே முதலாளி இருப்பார் என்று அவர் கனவில்கூட நினைக்க வழியில்லை. ஊரில் எந்தக் கதவுக்குள்ளும் போகிற மனுஷர் இந்தக் கதவுக்குள் மட்டும் போகமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். விறகு நனைந்திருந்ததால் அன்று வெக்கை சரியாக ஏறவில்லை. ஏறியிருந்தால் சங்கத்துக்கு வேறு தலைவர் தேட வேண்டியிருந்திருக்கும்.

வள்ளல் முதலில் கதவைக் கையால் தட்டினார், பிறகு தலையால் தட்டினார், மழைச் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்கவில்லை. பிறகு எட்டு வயதுக் குரலில் அழுதார் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அழுது முடித்துத் திரும்பியபோது தெற்குச் சுவரில் வெளிச்சம் இருந்தது. சுவரில் ஒரு கதவு தெரிந்தது. இதே ஸ்டோர்க் கதவு, ஈர மண் பூசியது, ஆனால் வெளிப்பக்கத்திலிருந்து. நாற்பது வருஷமாக அவர் கனவில் உள்பக்கத்திலிருந்தே பார்த்த கதவு. அதன் பக்கமாக மொக்கையன் வந்தார். முப்பத்தைந்து வயது, தலையில் மழைக்குச் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி, இடுப்பில் அரிவாள். கதவுக்கு எதிரே நின்றார். அவர் முகம் மட்டும் சுவர் முழுக்கப் பெரிதாக வந்தது. முகம் சுளித்தது. கண் கதவைப் பார்த்தது. பிறகு அவர் போய்விட்டார். அப்புறம் படம் முழுக்க அவர் ஓடினார். ஓடையில் இறங்கினார், கூலிக்காரர் குடிசைகளில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார், ஏலச்செடிகளை விலக்கினார், யானைத் தடத்தில் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். வாய் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. சத்தம் வராவிட்டாலும் அது என்ன பெயர் என்று வெள்ளைத்துரைக்குத் தெரிந்தது.

மறுநாள் ஒச்சப்பன் மண்ணை உடைத்துக் கதவைத் திறந்தார். முதலாளி தரையில் சம்மணம் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, நீங்க எப்பிடி இங்கன?"

"கதவைச் சாத்து, ஒச்சப்பா."

"அய்யா?"

"வெளிச்சம் அடிக்குதுல்ல, படம் மங்குது. வெரசா சாத்துய்யா."

கதவைச் சாத்து என்று வெள்ளைத்துரை சொல்லி அந்த மலை அதுவரை கேட்டதில்லை. ஒச்சப்பன் உள்ளே வந்து சாத்தினார், ஆனால் மண் பூசாததால் படம் போய்விட்டது. இதிலிருந்து அதன் விதிகள் தெரியவந்தன. தட்டில் பச்சைக்காய் இருக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், கதவு பூசியிருக்க வேண்டும். ஒரு விரல் நுழைகிற சந்து இருந்தாலும் படம் வராது.

அந்தப் பருவம் முழுக்க போடியிலிருந்தும் சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் ஜீப்பு ஜீப்பாக ஜனங்கள் மேலே வந்தார்கள். தட்டுகளுக்கு நடுவே பத்துப் பேர் உட்காரலாம். அடுப்பை அந்த நேரத்துக்கு மட்டும் தணித்து வைப்பார் ஒச்சப்பன். அப்படியும் பார்த்தவர்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்து வெளியே வந்ததால், பார்க்காதவர்களுக்கு அது பயங்கரமான திகில் படம் என்று தோன்றியது. முதல் வரிசையில் எல்லாக் காட்சிக்கும் வெள்ளைத்துரை இருந்தார். கதவு பூசுகிற சத்தம் கேட்கும்போது கருத்தம்மாளின் கையைப் பிடித்துக்கொள்வார். படம் தொடங்கியதும் விட்டுவிடுவார்.

"ஏப்பா, ஆளு இம்புட்டு நேரமா ஓடுறாரு, ஒரு பாட்டுக்கூட இல்லியே."

"ஊமைப் படத்துல என்னடா பாட்டு?"

"பாட்டு இல்லாட்டிப் போகுது மாப்ளே, ஒரு சண்டையாச்சும் வெக்கலாம்ல."

"ஆனை வரப் போகுது, வாயப் பொத்திக்கிட்டுப் பாரு."

யானை வருகிற இடத்தில் விசில் அடித்தார்கள். ராசிங்காபுரம் இருளம்மாள் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று சுவரைப் பார்த்துச் சொல்வாள்: "ஏய்யா, ஏன் அங்கிட்டு ஓடுற? புள்ள ஸ்டோருக்குள்ள இருக்குய்யா, இங்கிட்டுத் திரும்பு." கொஞ்ச நாளில் எல்லாப் பெண்களும் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். மொக்கையன் திரும்பவில்லை.

ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கதவுக்கு எதிரே நின்றாரே மொக்கையன், முகத்தைச் சுளித்தாரே, அது ஏன்? பையன் தட்டியது காதில் விழுந்தது, காய்க்காகப் பேசாமல் போய்விட்டார் என்றது ஒரு கட்சி. விழுந்திருந்தால் அப்புறம் இப்படிக் காடெல்லாம் ஓடுவாரா என்றது இன்னொரு கட்சி. மனசாட்சி உறுத்தித்தான் ஓடுகிறார், ஊருக்கு நடிக்கிறார் என்று முதல் கட்சி பதில் சொன்னது. டீக்கடைகளில் கிளாசுகள் உடைந்தன. மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வரவழைக்கப்பட்டார். அவர் இரண்டு காட்சி பார்த்து, மூன்றாவது காட்சியில் மயங்கி விழுந்து, தெளிந்து, சங்கக் கட்டடத்தில் சொற்பொழிவு ஆற்றினார். இது தனிமைச் சிறையில் அடிமனத்தோடு மோதுகிற ஒரு மனோதத்துவ மர்மப் படம் என்றார். அந்த ஒரு முகச்சுளிப்பில் உடைமைக்கும் பாசத்துக்கும் இடையே நடக்கிற யுத்தம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்றார். கை தட்டினார்கள். "மாமனாரு மகனைத் தேடுறாரு. இதுல என்ன மர்மம்?" என்றாள் கருத்தம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம். ஆனால் அவள் புருஷன் கைதட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவருக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். விழுந்ததா, விழவில்லையா. அதற்காகத்தான் அவர் பூசிய கதவுக்குள் போய்ப் போய் உட்கார்ந்தார்.

வள்ளல் பட்டத்தின் சாயம் அந்த வருஷமே போயிற்று. கதவு திறந்து கிடந்ததன் காரணம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எதிராளி ஒருவர் மேடையில், கதவுக்குப் பயந்தவரா நமக்குத் தலைவர் என்று கேட்டார். கூட்டத்திலிருந்து ஒரு குரல், "உங்களுக்குப் பொண்டாட்டி கையில இருக்குற அகப்பைக்குப் பயம், அவருக்குக் கதவுக்குப் பயம். ரெண்டும் மரந்தானண்ணே" என்றது. வெள்ளைத்துரையே முன்வந்து தலைமையை விட்டார். பொன்னாடைகளைக் கருத்தம்மாள் தலையணை உறையாகத் தைத்தாள். அதுவரை அவருக்கு மரியாதை மட்டும் கொடுத்துவந்த ஊர், அன்றிலிருந்து அவரோடு பேச ஆரம்பித்தது. கதவு திறந்திருப்பதால் வந்தவர்கள் போய், அவருக்காக வருகிறவர்கள் வந்தார்கள். எண்ணிக்கை குறைந்தது. காப்பித்தூள் மிச்சம்.

படம் ஒவ்வொரு பருவத்திலும் முதலிலிருந்து ஓடி, போன பருவம் நின்ற இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய் நிற்கும். எழுபத்தெட்டில் மொக்கையன் தேவாரம் ஊருக்கு மேலுள்ள சரிவுக்குப் போய்விட்டார். எண்பதில் ஒரு பாறையில் உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது, பெயரின் அசைவு அதில் இல்லை, இருமல் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை. எண்பத்திரண்டில் திரும்பி நடக்க ஆரம்பித்தார். ஜனங்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரே கதையை இத்தனை வருஷம் இழுத்தால் யார் பார்ப்பார்கள்? ஊருக்கு வீடியோ டெக் வேறு வந்துவிட்டது. வாடகைக்கு எடுத்தால் வெக்கை இல்லாமல் மூன்று படம் பார்க்கலாம், பாட்டோடு.

எண்பத்து மூன்றில் மழை இல்லை. மலை காய்ந்து, தீப்பிடித்து, ஏலச்செடிகள் சருகாயின. பறிக்கக் காயே இல்லாததால் ஸ்டோரை மூட்டவில்லை. அதற்கு முந்தைய காட்சியில் மொக்கையன் ஒரு ஓடையைத் தாண்டக் காலைத் தூக்கியிருந்தார், அதோடு படம் நின்றிருந்தது. எத்தனையோ பேர் அந்த வருஷம் தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கினார்கள். வெள்ளைத்துரைக்குத் தோட்டம் கருகியது பெரிதாகத் தெரியவில்லை. "ஒத்தைக் கால்ல நிக்கிறாரு கருத்தம்மா, எம்புட்டு நேரம் நிப்பாரு?" என்று சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். கருத்தம்மாள் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் மலையாளக் கரைக்குப் போய், ஓடைக்கரைத் தோட்டங்களில் தப்பிப் பிழைத்த பச்சைக்காயைக் கெஞ்சி வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஸ்டோரை மூட்டினார். மொக்கையன் காலைக் கீழே வைத்தார். வெள்ளைத்துரை வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு தின்றார்.

எண்பத்தாறு கார்த்திகையில், உள்ளே இருந்தது புருஷன் பெண்சாதி இரண்டு பேர்தான். ஒச்சப்பன் வெளியே அடுப்போரம். படத்தில் மொக்கையன் தள்ளாடியபடி முற்றத்துக்கு வந்தார். எப்போதும் போல வேறு பக்கம் போய்விடுவார் என்று நினைத்தார்கள். அவர் கதவின் பக்கம் திரும்பினார். அரிவாளை எடுத்து இடுக்கு மண்ணைக் கொத்தினார். சுவரிலிருந்து காய்ந்த செம்மண் கட்டிகள் உள்ளே வந்து விழுந்தன. பிறகு சுவரிலிருந்த கதவு திறந்தது, மொக்கையன் குனிந்து உள்ளே வந்தார். கொங்காணியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. கருத்தம்மாள் மாமனாரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

முப்பத்தைந்து வயது அப்பா, ஐம்பத்தெட்டு வயது மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நரையும் தொப்பையும் அவரைக் குழப்பியிருக்க வேண்டும். ஆனால் பயந்த முழி மாறாமல் இருந்தது.

"இங்கனயாடா இருக்க?" குரல் தகரத்தைச் சுரண்டியது.

"தட்டுனேன் அப்பு. கேக்கலியா?"

"எங்கிட்டுக் கேக்குறது? ஒன்னைய ஆனை தூக்கிருச்சுன்னு தேவாரம் சரிவு முச்சூடும் கத்திக்கிட்டு அலையிறேன். தொண்டையே போச்சு."

"மொதல்ல கதவுக்கு எதுக்க நின்னீங்கள்ல. நின்னு மூஞ்சியச் சுளிச்சீங்கள்ல."

"எப்ப?" மொக்கையன் யோசித்தார். "அட, அதா? அட்டை கடிச்சுச்சுடா கால்ல. பிடுங்கிப் போட்டுட்டுப் போனேன்."

வெள்ளைத்துரை அழுதார். தட்டைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், கருத்தம்மாள் மூக்கைத் துடைத்துவிடுகிற அளவுக்கு அழுதார். மொக்கையனுக்கு அந்த அழுகை விளங்கவில்லை. வெக்கையில் பிள்ளைக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையான கதவை உதைத்தார்.

வெளியிலிருந்து ஒச்சப்பன் குரல் கேட்டது. "அய்யா, இன்னுங் காயலை. இப்பத் திறந்தா அம்புட்டும் வெளுத்துரும்."

"வெளுத்தா வெளுக்கட்டும்டா. புள்ள உள்ள இருக்கான், திற."

ஒச்சப்பன் இளவட்டத்தில் அந்தக் குரலிடம் நிறையத் திட்டு வாங்கியவர். மறு பேச்சில்லாமல் மண்ணை உடைத்தார். அந்தத் தடவைக் காய் முழுவதும் தேங்காய்ப் பூ மாதிரி வெளுத்துப் போயிற்று. அதை விற்கவில்லை, ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். சுவரில் அதற்குப் பிறகு படம் வரவில்லை.

கருத்தம்மாள் அவர்களுக்கு முன்னால் ஜீப்பில் வீட்டுக்கு வந்து, கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த மாமனார் படத்தை இறக்கிப் பரணில் கவிழ்த்து வைத்தாள். செத்துப்போனதைப் பற்றி ஊரில் யாரும் மொக்கையனிடம் பேசவில்லை. அவருக்கு அது இன்னும் நடக்காத விஷயம். வருஷத் திதி நின்றதில் அய்யருக்கு மட்டும் சின்ன மனத்தாங்கல். டீக்கடையில் இரண்டு கட்சிக்காரர்களும் அட்டை விஷயத்தைக் கேட்டுவிட்டு, பாலம் கட்டுகிற காண்டிராக்டைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்தார்கள். பேராசிரியருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவர் அந்த முகச்சுளிப்பை வைத்து இன்னும் பாடம் நடத்துவதாகக் கேள்வி.

மொக்கையன் விடிந்ததும் மேலே போய் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிவிடுவார். எண்பத்தொன்பதில் வெள்ளைத்துரைக்குக் கண்ணில் புரை விழுந்தது. அதிலிருந்து சந்தை நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கறுத்த தலையும் தகரக் குரலுமாக ஓர் ஆள், நரைத்த ஒருவரின் கையைப் பிடித்து, வலமும் இடமும் பார்த்து, லாரிக்காரர்களை வைதுகொண்டு ரோட்டைக் கடத்திவிடுவதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் அப்பனை இப்படிக் கவனிக்கிற மகனா என்று மெச்சுவார்கள். போடிக்காரர்கள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத் தங்கள் பஸ்சைப் பார்த்துப் போவார்கள்.